குரூப் போட்டோவில் நிற்காதவர்கள்

இரண்டாவது சனிக்கிழமை. வங்கிக்கு விடுமுறை. கரிவலம்வந்தநல்லூர் பஸ் நிறுத்தத்தை ஒட்டிய டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். சங்கரன்கோவிலில் இருந்து இரண்டு தம்பிகளும் ஒரு தங்கச்சியும் தேடி வந்தார்கள். கல்லூரியில் படிக்கிறவர்கள். நவம்பர் 16 அன்று ஊதா தேவிக்கு நினைவுக் கூட்டம் போடப்போகிறார்களாம். துண்டறிக்கைக்கு நாலு வரி எழுதித் தரவேண்டும், படம் எது போடலாம் என்றும் சொல்லவேண்டும்.

இரண்டு படங்களைப் பிரிண்ட் எடுத்து வந்திருந்தார்கள். முதல் படம் ஒரு குரூப் போட்டோ. கட்டம் போட்ட கில்ட் உடுத்திய வெள்ளைச் சிப்பாய்கள் மூன்று வரிசை. நடுவில் நாற்காலியில் அதிகாரிகள், மீசையும் வாளுமாக. முன்னால் தரையில் பேண்டு முரசுகள், ஒரு நாய். நாய்க்கு நல்ல இடம் கொடுத்திருக்கிறார்கள். வலது ஓரத்தில் தோல் துருத்தியைத் தோளில் மாட்டிக்கொண்டு செருப்பில்லாத காலோடு ஒரு ஆள். பாதி உடம்புதான் படத்துக்குள் விழுந்திருக்கிறது. படத்தின் அடியில் ஸ்காட்லாந்து ஹைலாண்டர் படை, இந்தியா என்பதற்கு மேல் ஒரு விவரமும் இல்லை.

"அண்ணே, இந்தா பாவாடை கட்டிட்டு நிக்கானுவள்லா, இவனுவதான் அவளச் சுட்டவனுவ" என்றான் ஒரு தம்பி.

இவனுகளேதானா என்று இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் சுட்ட படை எது என்று சொல்லமுடியும். 93ஆம் சதர்லாந்து ஹைலாண்டர்ஸ். அதற்கான சாட்சி அந்தத் தம்பி கொண்டுவந்த இரண்டாவது படத்தில் இருக்கிறது. அதைப் பார்த்ததும் டீ இறங்கவில்லை.

லக்னோ சிக்கந்தர் பாக். அவத்தின் கடைசி நவாப் வாஜித் அலி ஷா கட்டிய தோட்ட மாளிகை. போட்டோ எடுத்தவன் ஃபெலிஸ் பியாட்டோ, 1858இல். பின்னால் குண்டு துளைத்த தூண்களும் வாசலும். முற்றம் முழுக்க மனித எலும்புகள், மண்டையோடுகள். நடுவே ஒரு குதிரை, அங்கங்கே நிற்கிற சில இந்தியர்கள். 93ஆம் ஹைலாண்டர்களும் 4ஆம் பஞ்சாப் படையும் 2000 கலகக்காரர்களைக் கொன்ற இடம் என்று அந்தப் படத்துக்குப் பெயர். கொன்றது 1857 நவம்பர் 16. படம் எடுத்தது அதற்குச் சில மாதங்கள் கழித்து. ஐந்து மாதமாக எலும்பெல்லாம் அப்படியே முற்றத்தில் கிடந்ததா? ஜார்ஜ் காம்பெல் என்ற வெள்ளை அதிகாரி தன் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார்: பிணங்கள் மூடப்பட்டுத்தான் கிடந்தன, போட்டோக்காரர் வந்து படத்துக்காக அவற்றைத் திறந்து போடச் சொன்னார் என்று.

செத்தவனைத் தோண்டி எடுத்து, கேமராவுக்கு முன்னால் பரப்பி வைத்து எடுத்த படம். பிறகு விற்கவும் செய்தான். என்னைக் கேட்டால் 93ஆம் படையின் உண்மையான குரூப் போட்டோ இதுதான் என்பேன். அதில் ஒரு ஹைலாண்டர்கூட நிற்கவில்லை.

ஊதா தேவியைப் பற்றி நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. பாசி சாதியைச் சேர்ந்தவள். உத்தரப் பிரதேசத்தில் பாசிகள் தீண்டத்தகாதவர்கள், அவர்களில் ஒரு பகுதியை வெள்ளைக்காரன் பின்னால் குற்றப் பரம்பரைப் பட்டியலிலும் சேர்த்தான். ஊதா என்றால் நம்ம ஊதா நிறம்தான், அந்தச் சொல்லே உருதுவிலிருந்து நமக்கு வந்தது. அவள் கணவன் மக்கா பாசி 1857 ஜூன் 30 சின்ஹட் சண்டையில் செத்தான், அவள் பேகம் ஹஸ்ரத் மகாலின் பெண்கள் படையில் இருந்தாள் என்பது பாசி மக்களின் வாய்வழிக் கதை. சிக்கந்தர் பாக்கில் அரசமரத்தில் ஏறி ஒளிந்து சிப்பாய்களைச் சுட்டுச் சாய்த்தாள் என்கிறார்கள். இன்றைக்கு அந்த இடத்தில் அவளுக்குச் சிலை இருக்கிறது. ஒவ்வொரு நவம்பர் 16க்கும் பாசிகள் கூடுகிறார்கள். பத்ரி நாராயண் 2006இல் எழுதிய புத்தகத்தில் அவளையும் ஜல்காரி பாயையும் பற்றி விரிவாகப் படிக்கலாம்.

இது கதைதானே, ஆதாரம் எங்கே என்று கேட்கிற மேதாவிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வெள்ளைக்காரன் எழுதியதைக் காட்டலாம். அவன் எழுதினால்தான் அவர்களுக்கு ஆதாரம்.

93இல் சார்ஜென்டாக இருந்த வில்லியம் ஃபோர்ப்ஸ் மிட்செல் 1893இல் ஒரு நினைவுப் புத்தகம் போட்டார். சண்டை முடிந்ததும் சிப்பாய்களுக்குத் தாகம். முற்றத்து நடுவில் பெரிய அரசமரம், அடியில் தண்ணீர்ப் பானைகள். குடிக்கப் போனவன் எல்லாம் அங்கேயே விழுந்து கிடக்கிறான். டாசன் என்ற கேப்டன் காயங்களைப் பார்த்து, குண்டு மேலே இருந்து வந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கிறான். வாலஸ் என்பவனைக் கூப்பிட்டு மரத்தைப் பார்க்கச் சொல்கிறான். வாலஸ் குறிவைக்கிறான். உடம்பு கீழே விழுகிறது. சிவப்புச் சட்டை, ரோஜா நிறத்தில் பட்டுக் கால்சட்டை. சட்டை மார்பில் திறந்துகொண்டபோதுதான் பெண் என்று தெரிகிறது. கையில் இரண்டு பழைய கைத்துப்பாக்கிகள். அரை டஜன் பேருக்கு மேல் சாய்த்திருக்கிறாள். இந்த வாலஸ் சாதாரண ஆள் இல்லை. பைபிளின் 116ஆம் சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டே குத்தித் தள்ளியவன். அவன் அந்த உடம்பைப் பார்த்து அழுதானாம். பெண் என்று தெரிந்திருந்தால் சுட்டிருக்க மாட்டேன் என்றானாம்.

மிட்செலின் புத்தகத்தில் வாலஸுக்குப் பெயர் உண்டு, டாசனுக்குப் பெயர் உண்டு. அவளுக்கு இல்லை. அந்தப் பெயரில்லாத உடம்புக்குப் பாசிகள் பெயர் வைத்தார்கள். அது அவள்தானா, வேறொருத்தியா என்று வரலாற்றுத் துறை விசாரித்துக்கொண்டிருக்கட்டும். ஒருவன் அழுத கண்ணீரைப் பதிவு செய்த புத்தகத்துக்கு, அவன் யாரைக் கொன்றான் என்று கேட்டு எழுதத் தோன்றவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

இந்த ஹைலாண்டர்கள் யார்? இங்கே கொஞ்சம் நின்று பேசவேண்டும். நம் கூட்டங்களில் வெள்ளைக்காரன் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அவனுக்குள்ளும் மேல் கீழ் உண்டு.

93ஆம் படை 1799இல் திரட்டப்பட்டது. ஸ்காட்லாந்தின் வடகோடியில் சதர்லாந்து. அங்கே நிலம் முழுக்க ஒரு பெண் ஜமீன், சதர்லாந்து கோமாட்டி, பிடியில் இருந்தது. குத்தகைக் குடிகளின் பிள்ளைகளை ஊர் ஊராக வரிசையில் நிற்கவைத்துத் தேறியவனைப் பொறுக்கினார்கள். பிள்ளையைக் கொடுத்தால் நிலம் நிலைக்கும் என்ற நம்பிக்கையில் அப்பன்மார் கொடுத்தார்கள். இருபது வருஷம்கூட ஆகவில்லை. அதே குடும்பத்தார், அந்த அப்பன்மாரை நிலத்தைவிட்டுத் துரத்தினார்கள். எதற்கு? ஆடு மேய்க்க. கம்பளி விலை ஏறியிருந்தது. 1814இல் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் பேட்ரிக் செல்லர் என்ற ஏஜெண்டு வீடுகளைக் கொளுத்தினான். நூறு வயதை நெருங்கிய கிழவி உள்ளே படுத்திருக்க அவள் வீட்டுக்கும் தீ வைத்தான் என்று வழக்கு வந்தது. 1816இல் இன்வர்னஸ் நீதிமன்றம் அவனைக் குற்றமற்றவன் என்று விட்டுவிட்டது. நமக்கு இந்தத் தீர்ப்பு புதுசா? 1968இல் கீழவெண்மணியில் 44 பேர் எரிந்தார்கள். நிலக்கிழார்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது.

கில்ட் சமாச்சாரமும் அப்படித்தான். 1746இல் கலோடன் போரில் ஹைலாண்டர்களைத் தோற்கடித்த பிறகு அவர்கள் தங்கள் சொந்த உடையை உடுத்தவே தடைச்சட்டம் போட்டார்கள். 1782 வரை அமலில் இருந்தது. பட்டாளத்தில் சேர்ந்தால் மட்டும் உடுத்தலாம். ஊரில் உடுத்தினால் ஜெயில், ராஜாவுக்காகச் சாகப்போனால் சீருடை. 1854இல் கிரிமியப் போருக்கு ஆள் எடுக்க மறுபடியும் சதர்லாந்துக்குப் போனபோது, ஆள் வேண்டாம் ஆடு போதும் என்றவர்களுக்கு ஆடுகளே சண்டை போடட்டும் என்று ஊர்க்காரர்கள் சொல்லியனுப்பியதாகப் பேச்சு உண்டு. நல்ல பதில். ஆனால் பட்டாளம் நிற்கவில்லை. மூன்றே வருஷத்தில் லக்னோவுக்கு வந்து சேர்ந்தது.

நிலம் பறிபோனவனின் பேரன், எதுவுமே இல்லாத பாசிப் பெண்ணை மரத்தில் இருந்து சுட்டு வீழ்த்துகிறான். அதற்காக அவனை மன்னிக்கச் சொல்லவில்லை. ஒடுக்கப்பட்டவன் என்ற ஒரே காரணத்தால் ஒருவன் நம் பக்கம் நிற்பான் என்று நினைக்கிற இடதுசாரித் தோழர்களுக்காகச் சொல்கிறேன். சீருடை போட்டுவிட்டால் அப்பன் வீடு எரிந்தது மறந்துபோகும்.

அன்று சிக்கந்தர் பாக்கில் ஹைலாண்டர்கள் மட்டும் இல்லை. 4ஆம் பஞ்சாப் படையில் முகர்ரப் கான் என்றொருவர். கதவை உள்ளே இருந்து மூடப்போகிற நேரத்தில் கேடயத்தோடு இடது கையை இடுக்கில் நுழைத்தார். அந்தக் கை வெட்டுப்பட்டது. வலது கையை நுழைத்தார். கதவு மூடவில்லை. அந்த ஒரு நாள் சண்டைக்கு மட்டும் 23 விக்டோரியா கிராஸ் பதக்கம் கொடுத்தார்கள். முகர்ரப் கானுக்கு இல்லை. இந்தியச் சிப்பாய்க்கு அந்தப் பதக்கம் கிடையாது என்பது விதி. 1911 வரை அந்த விதி இருந்தது. நாயை முன்வரிசையில் உட்காரவைத்தவர்களின் விதி.

முகர்ரப் கானின் கையைப் பற்றி எழுதியவர் ஃபிரடெரிக் ராபர்ட்ஸ். அன்றைக்கு அங்கே இருந்த இளம் அதிகாரி. செத்தவர்களும் உயிர் போகாதவர்களுமாகத் தன் தலை உயரத்துக்குக் குவிந்து கிடந்த குவியலைப் பார்த்ததையும் எழுதியிருக்கிறார். இதே ராபர்ட்ஸ்தான் 1881இல் மதராஸ் படைக்குத் தளபதியாக வந்தார், 1885இல் இந்தியா முழுமைக்கும். வந்து என்ன செய்தார்? தெற்கத்தியானுக்குச் சண்டை போடத் தெரியாது, வடக்கே சில சாதிகள்தான் போர்ச் சாதிகள் என்று சொல்லி மதராஸ் படைப்பிரிவுகளைக் கலைத்துக் குறைத்தார். அந்தப் படையில் யார் இருந்தார்கள்? பறையர்கள் ஏராளமாக இருந்தார்கள். பம்பாய்ப் படையில் மகர்கள். 1890களின் தொடக்கத்தில் மகர்களுக்கும் கதவு மூடப்பட்டது. கோபால் பாபா வளங்கர் 1894இல் மனு எழுதிப் போராடினார். அம்பேத்கரின் தகப்பனார் ராம்ஜி சுபேதாராக இருந்தவர். பட்டாளம் கொடுத்த பள்ளிக்கூடமும் சம்பளமும் இல்லாமல் அந்தக் குடும்பம் எப்படிப் படித்திருக்கும்?

அதனால்தான் தம்பிகளில் ஒருவன் கேட்ட கேள்வியை நான் தட்டிக்கழிக்கவில்லை. அவன் நன்றாகப் படிக்கிறவன். "அண்ணே, கோரேகாவுல நம்மாளு கம்பெனிக்காரன் பக்கம் நின்னு பேஷ்வாவ அடிச்சான்னு கொண்டாடுதோம். லக்னோவுல இவ நவாபு பக்கம் நின்னு கம்பெனிக்காரன அடிச்சான்னும் கொண்டாடுதோம். ரெண்டுல எது நம்ம பக்கம்?"

1818 ஜனவரி 1 பீமா கோரேகாவ். பார்ப்பனப் பேஷ்வா ஆட்சிக்கு எதிராகக் கம்பெனிப் படையில் நின்ற மகர்களின் பெயர்கள் அங்குள்ள தூணில் வெட்டப்பட்டிருக்கின்றன. 1927 ஜனவரி 1இல் அம்பேத்கர் அங்கே போனார். 2018இல் அங்கே கூடியவர்கள்மீது கல்லெறிந்தார்கள். இருநூறு வருஷம் கழித்தும் ஒரு கல்தூணில் நாலு பெயர் இருப்பதைப் பொறுக்கமுடியவில்லை.

தம்பிக்கு நான் சொன்ன பதில் இதுதான். பேஷ்வாவும் நம்மாள் இல்லை, பேகமும் நம்மாள் இல்லை, கம்பெனியும் இல்லை. யார் கொடியின் கீழ் நின்றார்கள் என்று அளந்தால் நம் ஆட்கள் எல்லோருமே யாரோ ஒருவனுக்குக் கூலிப்படையாகத்தான் தெரிவார்கள். சொந்தக் கொடி வைத்துக்கொள்ள நம்மை யார் விட்டான்? கூலியாக நிறுத்தப்பட்ட இடத்திலும் அவர்கள் எந்த அநியாயத்தை நிமிர்ந்து பார்த்தார்கள் என்பதைத்தான் பார்க்கவேண்டும். தேசபக்தியை வைத்து நம்மை அளக்க வருகிறவர்களிடம் ஒன்று கேட்கலாம். சென்னை மவுண்ட் ரோட்டில் நீல் சிலை இருந்தது. ஜேம்ஸ் நீல், அவனும் ஸ்காட்லாந்துக்காரன், மதராஸ் பியூசிலியர்ஸ் தளபதி. 1927இல் அந்தச் சிலையை அகற்றச் சொல்லிக் காங்கிரஸ்காரர்கள் சத்தியாக்கிரகம் செய்தார்கள். 1937இல் ராஜாஜி மந்திரிசபை வந்ததும் அகற்றி மியூசியத்தில் போட்டார்கள். நீல் கொலைகாரன், சந்தேகமே இல்லை. அலகாபாத்தில் மரத்துக்கு மரம் தொங்கவிட்டவன். ஆனால் அவன் கொடுமைகளில் உச்சமானது என்று தேசிய வரலாறு எதைச் சொல்கிறது தெரியுமா? கான்பூரில் மேல்சாதிச் சிப்பாய்களை ரத்தம் துடைக்கவைத்து, அவர்கள் சாதியைக் கெடுத்ததை. தூக்கில் போட்டதைவிடத் துடைக்கவைத்தது பெரிய பாவமாம். துடைப்பதையே பிறப்பாகச் சுமக்கிறவர்களுக்கு இதைப் படிக்கையில் என்ன தோன்றும் என்று எந்தப் பாடப்புத்தகமும் யோசித்ததில்லை.

இனி நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். லக்னோவில் 93க்கு மேல் தளபதியாக இருந்தவர் காலின் காம்பெல், கிளாஸ்கோவில் பிறந்தவர். கரிவலத்தில் இருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய வாசுதேவநல்லூருக்கும் ஒரு காம்பெல் வந்திருக்கிறான். டொனால்டு காம்பெல், 1767இல். அதுவும் ஸ்காட்லாந்துப் பேர்தான். பூலித்தேவனின் நெற்கட்டும்செவலையும் வாசுதேவநல்லூரையும் பீரங்கி வைத்து உடைத்தவன். உடைத்த இடத்தை உள்ளே இருந்தவர்கள் மண்ணும் வைக்கோலும் கொண்டு அடைத்துக்கொண்டே இருந்தார்கள் என்று செய்தி. பீரங்கி வாயில் நின்று மண் சுமந்தவன் யார்? பாளையக்காரனா சுமந்திருப்பான்?

பூலித்தேவன் படையில் ஒண்டிவீரன், அருந்ததியர். வெண்ணிக்காலாடி, பள்ளர். கட்டபொம்மனிடம் சுந்தரலிங்கம், பள்ளர். இவர்களுக்குப் போட்டோ கிடையாது, அந்தக் காலத்தில் கேமராவே கிடையாது. பாளையக்காரனுக்கும்தான் போட்டோ கிடையாது. ஆனால் அவனுக்குச் சினிமா உண்டு, பாடப்புத்தகம் உண்டு. நம்மாளுக்கு ஆண்டுக்கொரு நாள்தான். ஆகஸ்ட் 20இல் பச்சேரியில் ஒண்டிவீரன் நினைவுநாள், செப்டம்பர் 1இல் நெற்கட்டும்செவலில் பூலித்தேவன் பிறந்தநாள். பக்கத்துப் பக்கத்து ஊர்கள். அந்த நாட்கள் வந்தால் 144 போட்டுவிடுவார்கள். ஒரே படையில் ஒரே எதிரியை எதிர்த்து நின்றவர்களை நினைக்க இரண்டு தேதி, இரண்டு பாதை, நடுவில் போலீஸ். 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததற்குத் தென்மாவட்டங்களே பற்றி எரிந்தன. அந்த பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள். கடைசியில் எல்லாத் தலைவர் பெயரையும் எல்லா பஸ்ஸில் இருந்தும் மாவட்டத்தில் இருந்தும் எடுத்தார்கள். நம்மாள் பெயர் ஏறக்கூடாது என்பதற்காகத் தங்கள் ஆள் பெயரையும் இறக்கச் சம்மதித்தார்கள்.

இதற்குப் பதிலடியாக நம் பையன்கள் போஸ்டரில் வாளும் சிங்கமும் ஆண்ட பரம்பரையுமாகப் போடுகிறார்கள். கோபம் எனக்குப் புரிகிறது. எனக்கும் இருபது வயதில் அது இருந்தது. ஆனால் போர்ச் சாதி என்ற சொல் எந்தக் கடையில் வாங்கினது? மேலே சொன்னேனே ராபர்ட்ஸ், அவன் கடையில். நம்மைப் பட்டாளத்தில் இருந்து துரத்துவதற்காகச் செய்த சொல். அதையே நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிவதா?

எங்க வீட்டிலும் ஒரு பட்டாளத்துக் குரூப் போட்டோ உண்டு. தாத்தா இரண்டாம் உலகப்போரில் இருந்தவர். பர்மாப் பக்கம் ரோடு போட்டார் என்று அய்யா சொல்வார். துப்பாக்கி தூக்கினாரா, மண்வெட்டி மட்டும்தானா என்று வீட்டில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. படத்தில் நடுவில் ஒரே ஒரு வெள்ளைக்காரன் நாற்காலியில். சுற்றி ஐம்பது அறுபது கறுத்த முகங்கள், எல்லாம் ஒரே மாதிரி தொப்பி. ஆச்சி எங்களைத் தூக்கி வைத்துக்கொண்டு, "இந்தாருக்காரு பாரு ஒங்க தாத்தா" என்று விரலால் தொட்டுக் காட்டுவாள். கொஞ்சம் பெரியவனான பிறகுதான் கவனித்தேன். ஒவ்வொரு தடவையும் வேற வேற முகத்தைக் காட்டுகிறாள். ஒருநாள் கேட்டே விட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "எல்லாம் ஒங்க தாத்தாதாம்ல" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். வெள்ளைக்காரன் முகத்தை மட்டும் யாரும் மாற்றிக் காட்டமுடியாது.

இன்னொரு குரூப் போட்டோவும் என்னிடம் இருக்கிறது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு கிளையில் மேனேஜர் மாறிப் போகும்போது எடுத்தது. காலையும் சாயந்தரமும் கூட்டிப் பெருக்குகிற அக்கா ஒருத்தி, பகுதிநேர வேலை. நாற்காலியெல்லாம் போட்டுக்கொடுத்தது அவள்தான். போட்டோக்காரன் கேமராவைப் பார்த்துக்கொண்டே, "அந்த வாளியக் கொஞ்சம் நகட்டுங்கம்மா, படத்துல விழுது" என்றான். அவள் வாளியை எடுத்துக்கொண்டு தானும் நகர்ந்தாள். யாரும் கூப்பிடவில்லை. நான் இரண்டாவது வரிசையில் இடமிருந்து மூன்றாவது. தலித் எழுத்து, தலித் அரசியல் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவன், வாயைத் திறக்கவில்லை. அந்தப் படம் பீரோவுக்குள் கிடக்கிறது. மாட்டவும் இல்லை, கிழிக்கவும் இல்லை.

ஆக, எந்தப் படத்தைப் போடுவது?

தம்பிகள் இருவருக்கும் எலும்புப் படத்தைத்தான் போடவேண்டும். முதல் பக்கத்தில், பெரிசாக. பார்க்கிறவனுக்கு ரத்தம் கொதிக்கும் என்கிறார்கள். நான் வேண்டாம் என்றேன். இதைத் தோழர்கள் யோசித்துப் பார்க்கவேண்டும். நம்முடைய பத்திரிகைகளும் சுவரொட்டிகளும் எத்தனை வருஷமாக நம் பிணங்களை அச்சடித்துக்கொண்டிருக்கின்றன? மேலவளவு. தாமிரபரணி. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளிகளுக்காக ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து ஆற்றுக்குள் தள்ளியது, 17 பேர் செத்தார்கள், அதில் ஒரு கைக்குழந்தை. அந்தக் குழந்தையின் படத்தை நான் பள்ளிக்கூடப் பையனாகச் சுவரில் பார்த்தேன். ரத்தம் கொதித்தது, உண்மைதான். பிறகு அடுத்த படம் வந்தது, அதற்கடுத்த படம் வந்தது. நம்மாள் முகம் ஊருக்குத் தெரிவதற்கு அவன் சாகவேண்டும் என்று ஆகிப்போனது. அந்தத் தாய்க்கு இதெல்லாம் எப்படி இருந்திருக்கும் என்று நாம் யாராவது போய்க் கேட்டோமா?

பியாட்டோ அந்த எலும்புகளை வெளியே எடுத்துப் போடச் சொன்னது ஜெயித்தவன் பார்ப்பதற்காக. நாம் அதே படத்தைப் பெரிசாக்கிப் போட்டால், அவன் எங்கே கேமராவை வைத்தானோ அங்கேதான் நாமும் போய் நிற்கிறோம். ஊதா தேவி அந்த முற்றத்தில் கிடந்தாளா, அந்த மண்டையோடுகளில் ஒன்று அவளுடையதா, தெரியாது. அவள் மரத்தில் இருந்தாள் என்பது தெரியும். மேலே இருந்து பார்த்தாள், அவர்களுக்கு அவள் தெரியவில்லை. அந்த நேரம்வரைக்கும் யாராலும் அவளைப் படம் பிடித்திருக்க முடியாது.

முதல் படத்தைப் போடுங்கள் என்றேன். சிறிசாக. இது 93தான் என்று பொய் சொல்லவேண்டாம், ஹைலாண்டர் படை என்று மட்டும் போடுங்கள். அடியில் சதர்லாந்துக் கதையை எழுதுங்கள். வலது ஓரத்தில் துருத்தியோடு நிற்கிறாரே, அவரை வெட்டிவிடாதீர்கள். அச்சகத்தில் ஓரத்தை வெட்டித்தான் நேராக்குவார்கள், பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. "ஆதாரத்தக் காட்டாம சொன்னா எவன்ணே நம்புவான்? நம்மகிட்ட இருக்கதே அந்த ஒரு படந்தான்" என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வெண்மணியைப் படம் இல்லாமல் எத்தனை பேர் நம்பியிருப்பார்கள்? இதை முழுசாக மறுக்க என்னிடம் பதில் இல்லை. இரண்டு மணி நேரம் பேசினோம். டீக்கடைக்காரர் விளக்கைப் போட்டுவிட்டு எங்களையே பார்த்தார். அதுவரை பேசாமல் இருந்த தங்கச்சிதான், "ரெண்டும் வேண்டாம்ணே, நான் ஒண்ணு வரைஞ்சு தாரேன்" என்றாள்.

நேற்று அச்சான துண்டறிக்கையைக் கொண்டுவந்து கேஷ் கவுண்டரில் நீட்டினாள். ஆயிரம் பிரதி. ஒரு அரசமரம், கறுப்பு மையில், பக்கம் முழுக்க இலை. மரத்தில் ஆள் இருப்பது உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. அடியில் பானைகள். பின்பக்கம் சதர்லாந்துக் கதை, ராபர்ட்ஸ் கதை, ஒண்டிவீரன், வெண்ணிக்காலாடி. குரூப் போட்டோ ஸ்டாம்ப் அளவில் ஒரு மூலையில். துருத்திக்காரர் இருக்கிறார், தோள்வரைக்கும்.

கூட்டம் நவம்பர் 16 மாலை 5 மணி, சங்கரன்கோவில். இடம் இன்னும் உறுதியாகவில்லை. மனுவைக் காவல்நிலையத்தில் கொடுத்திருக்கிறார்கள். யார் இந்த ஊதா தேவி, எந்தச் சாதி, உள்ளூரில் இவரால் பிரச்சினை வருமா என்று கேட்டு அனுப்பியிருக்கிறார்களாம்.